சாமி குடியிருக்கும் வீடு: இந்துக்கள் எங்கே, எப்படிக் கும்பிடுகிறார்கள்?

கேள்வி சுருக்கமாக இதுதான். உடன் வேலை பார்க்கும் வெளிநாட்டு நண்பர் ஒருவர், “உங்களுக்கு வாரத்தில் எந்த நாள் வழிபாடு, எத்தனை மணிக்கு, எல்லாரும் எங்கே கூடுவீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். கேள்வியை அனுப்பியவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கோயிலுக்குப் போகிறோம், வீட்டில் விளக்கேற்றுகிறோம், ஆற்றில் முழுக்குப் போடுகிறோம், அரசமரத்தைச் சுற்றுகிறோம். இதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு உண்டா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். நண்பரை ஒரு நாள் கோயிலுக்குக் கூட்டிப்போகவும் ஆசை.

நாள் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். வாரம் ஒரு கட்டாய நாள் என்று இந்துக்களுக்குக் கிடையாது. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு (வடக்கே அனுமனுக்கு), வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு என்று ஒரு வழக்கு இருக்கிறது. திதியை வைத்து ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம், பௌர்ணமி என்று இன்னொரு வரிசை. இவற்றில் ஒன்றை விட்டுவிட்டால் யாரும் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். கோயில் வாசலையே மிதிக்காமல் வீட்டில் ஒற்றை விளக்கோடு வாழ்நாளை முடித்தவரும் இந்துதான். கூடுவதற்கு நேரம் குறிக்காததற்குக் காரணம் எளிது: கோயில் கூடுவதற்காகக் கட்டப்பட்டதே அல்ல.

கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. இந்தச் சொல்லை நாம் தினமும் சொல்கிறோம், காதில் விழுவதில்லை. கருவறையைக் கவனித்துப் பாருங்கள். சன்னல் கிடையாது, ஒரே வாசல், உள்ளே சாமியும் அர்ச்சகரும் நிற்கத்தான் இடம். ஆயிரம் பேர் நிற்கக்கூடிய மண்டபங்கள் எல்லாம் திருவிழாவுக்காகவும் ஆட்டபாட்டத்துக்காகவும் ஊர்க் காரியங்களுக்காகவும் சுற்றிலும் வளர்ந்தவை. ஆகவே நாம் கோயிலுக்குப் போவது ஒருவர் வீட்டுக்குப் போவது மாதிரி. செருப்பை வாசலில் கழற்றுகிறோம். வெறுங்கையோடு போவதில்லை. வீட்டுக்காரர் விழித்திருக்கும் நேரம் பார்த்துப் போகிறோம், முகத்தைப் பார்க்கிறோம், வந்த காரியத்தைச் சொல்கிறோம், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறோம், கிளம்பும் முன் சற்று உட்கார்ந்து எழுகிறோம். “சாமி கும்பிடப் போகிறேன்” என்பதைவிட “சாமி பார்க்கப் போகிறேன்” என்று பேச்சில் அதிகம் வருவதைக் கவனித்திருப்பீர்கள். தரிசனம் என்பதன் பொருளும் அதுதான். நாம் அவரைப் பார்ப்பதோடு, அவர் கண்ணில் நாம் படுவதும் அதில் சேர்த்தி.

வீடு என்று ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். தமிழ்நாட்டின் பெரிய சிவன் கோயில்களில் ஆறு கால பூஜை நடக்கிறது: விடியலில் திருவனந்தல், பிறகு காலசந்தி, உச்சிகாலம், மாலையில் சாயரட்சை, இரண்டாம் காலம், இரவில் அர்த்தஜாமம். எழுப்புவது, குளிப்பாட்டுவது, உடுத்துவது, அமுது படைப்பது, விளக்குக் காட்டுவது, தூங்கவைப்பது. மதியம் நடை சாத்திவிட்டார்கள் என்று அலுத்துக்கொள்கிறோமே, வீட்டுக்காரர் ஓய்வெடுக்கிறார் என்று அர்த்தம். திருமலையில் விடியுமுன் சுப்ரபாதம் பாடி எழுப்புகிறார்கள். மார்கழியில் அதன் இடத்தில் திருப்பாவை. இரவு ஏகாந்த சேவையில் அன்னமாச்சாரியாரின் தாலாட்டு. ஸ்ரீரங்கத்தில் பெருமாள் கண் விழித்ததும் பார்க்க வேண்டிய மங்கலப் பொருளாகப் பசுவும் யானையும் சன்னதி முன் வந்து நிற்கும். பூஜை முறைகளைச் சொல்லும் ஆகமங்கள் சைவத்தில் 28; வைணவத்தில் பாஞ்சராத்திரம், வைகானசம் என்று இரண்டு மரபு, ஸ்ரீரங்கம் முன்னதில், திருமலை பின்னதில். பெயர்கள் எப்படியிருந்தாலும் உள்ளே நடப்பது ஒரு குடும்பத்தின் அன்றாடம்.

இந்த அன்றாடம் எந்த எல்லைக்குப் போகும் என்பதற்குப் பூரியைச் சொல்வேன். வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ வரும் பௌர்ணமியன்று ஜகந்நாதருக்கு 108 குடம் நீராட்டுகிறார்கள். அவ்வளவு தண்ணீர் ஊற்றினால் யாருக்குத்தான் ஒத்துக்கொள்ளும்? சாமிக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. சுமார் பதினைந்து நாள் யாருக்கும் தரிசனம் கிடையாது. பழமும் மூலிகை மருந்தும்தான் ஆகாரம். தேறி எழுந்த பிறகுதான் தேர். அவர் மேனி மரம் என்பதால் அதற்கும் வயதாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது மரத்தில் வடித்து உள்ளிருக்கும் பிரம்மப் பொருளை இரவில், கண்ணைக் கட்டிக்கொண்டு மாற்றுகிறார்கள். 1996இல் நடந்தது, அதன்பின் 2015இல். நம் பக்கம் சமயபுரத்தில் கதை திரும்பி நிற்கிறது. பக்தர்களுக்காக மாரியம்மனே மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். அந்த நாட்களில் தளிகை இல்லை. நீர்மோர், பானகம், துள்ளுமாவு, இளநீர் அளவில் நிற்கிறது. பிள்ளைகளுக்காகத் தாய் விரதம் இருக்கும் வீடு அது.

சரி, கல்லிலும் மரத்திலும் சாமி எப்படிக் குடிவருகிறார்? சிற்பி செதுக்கி முடித்தது சிலைதான். கடைசியாகக் கண் திறந்து, யாகசாலையில் கும்ப நீருக்குள் அழைத்து வைத்த சக்தியை அபிஷேகமாக ஊற்றிய பிறகே அது மூர்த்தி. குடமுழுக்கு என்று தமிழில் அழகாகச் சொல்கிறோம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்யும்போது பாலாலயம் என்று ஒன்று நடக்கும். வீட்டை வெள்ளையடிக்கும்போது பக்கத்தில் குடிமாறி இருப்போமே, அதேதான். அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்குள் சாமியை மாற்றி வைத்து அதற்குப் பூஜை நடக்கும். வேலை முடிந்ததும் திரும்ப அழைப்பார்கள். ஆக, கல்லைக் கும்பிடுகிறீர்களா என்று கேட்பவருக்கு நான் சொல்லும் பதில்: கல்லில் இருப்பவர் வரவும் போகவும் தெரிந்தவர்.

இந்த வருகையைச் சிறிய அளவில் பார்க்க வேண்டுமானால் மஞ்சள் பிள்ளையாரைப் பாருங்கள். எந்த விசேஷத்துக்கும் முதலில் ஒரு பிடி மஞ்சளைக் குழைத்து உருட்டி, உச்சியில் ஓர் அருகம்புல்லைக் குத்தி, வா என்று அழைக்கிறோம். ஆசனம், கால் கழுவ நீர், கை கழுவ நீர், குடிக்க நீர், குளியல், ஆடை, சந்தனம், பூ, புகை, விளக்கு, உணவு, வெற்றிலை பாக்கு என்று போகும் பதினாறு உபசாரம், வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிக்குச் செய்வதுதான். காரியம் முடிந்ததும், உன் இருப்பிடத்துக்கு எழுந்தருள்க என்று வடக்கே சற்று நகர்த்திவிட்டால், அது மறுபடி மஞ்சள். சதுர்த்திக் களிமண் பிள்ளையாரைத் தண்ணீரில் விடுவதும், வங்காளத்தில் துர்கையைப் பத்தாம் நாள் கண்ணீரோடு ஆற்றுக்கு வழியனுப்புவதும் இதே கணக்கு. குடியிருக்கும் சாமி கோயிலில், விருந்தாளி சாமி வீட்டில் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

வீட்டு வழிபாட்டில் ஏழை பணக்காரர் வித்தியாசம் இடத்தில் மட்டும்தான். தனிப் பூஜை அறையும் உண்டு, சமையலறைச் சுவரில் ஒரு பலகையும் உண்டு. காலையும் மாலையும் விளக்கு, வெள்ளிக்கிழமை சற்று கூடுதல் பூ. சந்தியாவந்தனம் செய்பவர்கள் மூன்று வேளை சூரியனை நோக்கி நீர் விடுகிறார்கள், காயத்ரி ஜபிக்கிறார்கள். சிலர் பஞ்சாயதன பூஜை செய்வார்கள். அதில் உருவமே இல்லை, ஐந்து கல்: சிவனுக்கு நர்மதையின் பாணலிங்கம், விஷ்ணுவுக்கு நேபாளத்துக் கண்டகியின் சாளக்கிராமம், பிள்ளையாருக்கு சோணை நதியின் சிவப்புக் கல், அம்பாளுக்கு சுவர்ணமுகியின் கல், சூரியனுக்கு தஞ்சை வல்லத்துப் படிகம். ஒரு சின்னப் பெட்டிக்குள் நாடு முழுவதும் அடங்கிவிடுகிறது.

பெரும்பான்மை வீடுகளில் கல்லும் வெண்கலமும் கிடையாது, படங்கள்தான். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணத் தாளில் அச்சிட்டார். பிறகு நாள்காட்டிகள் வந்தன. கலை விமர்சகர்கள் அந்தப் படங்களைக் கிண்டல் செய்வார்கள். எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. கோயிலுக்குள் விடப்படாத எத்தனையோ பேருக்குச் சாமியின் முகத்தை முதலில் கிட்டத்தில் காட்டியவை அவைதான்.

அந்தக் கதவைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. அரசன் வீடு என்றால் வாசற்காவலும் இருக்கும்; அந்தக் காவல் நூற்றாண்டுகளாகச் சாதி பார்த்தே நின்றது. 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் போவதற்காகக்கூட அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12இல் வந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சமூகத்தாரோடு நுழைந்தது 1939 ஜூலை 8. அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்த பிறகும் சில ஊர்களில் பூட்டுப் போட்டுச் சண்டை நடக்கிறது. உற்சவர் தேரேறி வெளியே வருவது உள்ளே வர முடியாதவர்களுக்காக என்று பெருமையாகச் சொல்வார்கள். நோயாளிக்கும் முதியவருக்கும் அது பொருந்தும். மற்றவர்களை உள்ளே வர முடியாதவர்களாக்கியது யார் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

கேரளத்துத் துறவி நாராயண குரு இதற்கு வேறு வழியில் பதில் சொன்னார். 1888இல் அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவரே சிவலிங்கமாக நிறுவினார். 1927இல் களவங்கோட்டில் மூர்த்திக்குப் பதிலாக ஒரு கண்ணாடியை வைத்தார். கும்பிட நிற்பவர் முகமே அதில் தெரியும். வடலூரில் வள்ளலார் 1872 தைப்பூசத்தில் திறந்த சத்திய ஞான சபையில் ஏழு திரைகளுக்குப் பின்னால் ஒரு சோதி. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் வெட்டவெளியும் தொங்கும் பொன் வில்வ மாலையும். உருவத்தின் மேல் இத்தனை ஆசை கொண்ட ஒரு மரபு, உருவமில்லாத இடத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறது. நாயன்மார்களில் ஒருவரான பூசலார் கதை நினைவுக்கு வருகிறது. காசில்லாததால் திருநின்றவூரில் உட்கார்ந்து மனத்துக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டினார். பல்லவ மன்னன் காஞ்சியில் கற்றளி எழுப்பி அதே நாளில் குடமுழுக்கு வைத்தான். சிவன் மன்னன் கனவில் வந்து, நாளை எனக்குப் பூசலார் கோயிலில் வேலை இருக்கிறது, உன் நாளைத் தள்ளிவை என்றாராம்.

கூரையே இல்லாத இடங்களுக்கு வருவோம். வேத காலத்தில் நிரந்தரக் கோயில் கிடையாது. தரையில் வேதி என்ற வேள்வி மேடை அமைத்து, தீயின் வழியே அவி கொடுத்து, முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். 1975இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நடந்த அதிராத்திரம் என்ற வேதச் சடங்கில் பன்னிரண்டு நாள் வேள்வி முடிந்து வேள்விச்சாலையைக் கொளுத்தினார்கள். இன்று புதுமனைப் புகுவிழாவில் புகையும் ஹோமம் அதன் பேரப்பிள்ளை. ஆறுகளில் நீராடுவது இன்னொரு வழி: பிரயாகை, ஹரித்துவார், உஜ்ஜயினி, நாசிக் ஆகியவற்றில் கும்பமேளா; கும்பகோணத்தில் மகாமகம், 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல். மலையும் சாமிதான். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர் சுற்றுவது மலையை. காஞ்சி அத்திவரதர் குளத்துத் தண்ணீருக்கடியில் குடியிருப்பவர். 1979க்குப் பிறகு 2019இல் 48 நாள் வெளியே வந்து திரும்பவும் இறங்கிவிட்டார். அசாமின் காமாக்கியாவில் சிலை இல்லை, ஊற்று நீர் கசியும் ஒரு பாறைப் பிளவுதான் தேவி. ஆண்டுக்கு ஒருமுறை அவளுக்கு மாதவிலக்கு என்று மூன்று நாள் நடை சாத்தி, பிறகு திருவிழா எடுக்கிறார்கள். பெண்களை அந்த நாட்களில் கோயிலுக்கு வராதே என்று சொல்லும் வழக்கமும் இதே மரபில்தான் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு முந்தையதுதான் பிடித்திருக்கிறது.

ஊர் எல்லையில் அய்யனார், கருப்பசாமி, முனீஸ்வரன். இவர்கள் கொலுவீற்றிருக்கும் அரசர்கள் அல்ல, இரவில் குதிரையேறிச் சுற்றும் காவல்காரர்கள். அதனால் வீடும் கூரையும் அவர்களுக்குப் பெரிதில்லை. மரத்தடியில் ஓர் அரிவாள், வரிசையாக மண்குதிரைகள் போதும். குதிரை செய்யும் வேளாரே பல இடங்களில் பூசாரி. மந்திரத்துக்குப் பதில் உடுக்கை, வர்ணிப்பு. படையல் பொங்கலாகவும் இருக்கும், கிடாயாகவும் இருக்கும். பெரிய கோயிலில் சாமி கல்லில் இறங்குகிறார் என்றால் இங்கே ஆள் மேலேயே இறங்குகிறார். சாமியாடி சொல்லும் குறியைக் கேட்க ஊரே காத்திருக்கும். தீமிதி, அலகு, காவடி, தீச்சட்டி எல்லாம் நேர்ந்துகொண்ட கடனைத் தீர்ப்பது. “நீ இதைச் செய், நான் இதைச் செய்கிறேன்” என்று தெய்வத்தோடு நேருக்கு நேர் பேரம் பேசும் உரிமை இந்த வழிபாட்டுக்கு உண்டு. இதைத் தாழ்ந்த வழிபாடு என்று ஒதுக்குபவர்களுக்குக் காளத்தியில் இறைச்சி படைத்த கண்ணப்பரை நினைவூட்டினால் போதும்.

இடத்துக்கு இடம் முறை மாறுவதில் நம்மவர்களே திடுக்கிடுவது, தொடுவது பற்றித்தான். தெற்கே மூலவரை அர்ச்சகர் தவிர யாரும் தொடக்கூடாது. காசிக்குப் போனால், தொட அனுமதிக்கும் நேரத்தில் நீங்களே குனிந்து விசுவநாதரின் மேல் கங்கை நீர் ஊற்றலாம். பண்டரிபுரத்தில் விட்டலன் பாதத்தில் தலையை வைக்கலாம். ஆனால் பூஜை செய்பவர் மட்டும் பல இடங்களில் தூரத்திலிருந்து வந்தவர்: பத்ரிநாத்தில் கேரளத்து நம்பூதிரி, காத்மாண்டு பசுபதிநாதரிடம் கர்நாடகத்து பட்டர், ராமேசுவரத்தில் மராட்டிய அந்தணர்கள்.

கடல் தாண்டியும் இதே இலக்கணம் புது உருவம் எடுக்கிறது. பாலித் தீவில் கோயிலின் உயர்ந்த பீடம் பத்மாசனம். அதில் மூர்த்தி இல்லை, வெறும் இருக்கை. திருவிழாவன்று தெய்வங்கள் இறங்கி வந்து அமர்வார்கள். மொரீசியசில் மகாசிவராத்திரிக்கு கங்கா தலாவ் என்ற ஏரிக்கு நடந்து போகிறார்கள். மலேசியாவின் பத்துமலையில் தைப்பூசக் காவடி 272 படி ஏறுகிறது. டிரினிடாடில் கரும்புத் தோட்டத் தொழிலாளியான சிவதாஸ் சாது கடற்கரையில் ஒரு கோயில் கட்டினார். நிலம் உனதில்லை என்று சிறையில் போட்டு, கோயிலையும் இடித்துவிட்டார்கள். கடல் யாருக்கும் சொந்தமில்லையே என்று கல்லும் மண்ணும் சுமந்து தண்ணீருக்குள் பாதை போட்டு, அங்கே கட்டினார். பின்னாளில் புதுப்பிக்கப்பட்டு, வாட்டர்லூவில் அது இன்றும் நிற்கிறது.

உங்கள் நண்பரைக் கூட்டிப்போவது பற்றி. சில கோயில்களில் கொடிமரத்தைத் தாண்டிப் பிற மதத்தாரை விடமாட்டார்கள், சிலவற்றில் கேட்பதேயில்லை. முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள், வாசலில் போய் அவமானப்பட வேண்டாம். முழங்காலை மறைக்கும் உடை, காலில் ஒன்றும் இல்லாமல், சுற்றுவது வலமாக. பிள்ளையாரிடம் நெற்றியில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம், சிவன் கோயிலில் விபூதி, பெருமாள் கோயிலில் துளசித் தீர்த்தமும் தலையில் சடாரியும். விழுந்து கும்பிடுவது கொடிமரத்துக்கு அருகில் மட்டும். ஆண்கள் உடம்பு முழுவதும் தரையில் பட, பெண்கள் மண்டியிட்டு. தீபாராதனையின்போது கூட்டம் நெருக்கும், தள்ளுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டால் நண்பரின் பெயரை மட்டும் சொன்னாலும் அர்ச்சனை நடக்கும்.

முடிந்தால் மதுரைக்கு, அதுவும் இரவில் கூட்டிப்போங்கள். பகல் கூட்டத்தில் அவருக்கு ஒன்றும் விளங்காது. அர்த்தஜாமத்தில் சுந்தரேசுவரரின் பாதுகைகளை வெள்ளிப் பல்லக்கில் வைத்து, சாமரம் வீசி, நாகசுரத்தோடு மீனாட்சி சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். கருவறைப் பக்கம் போக முடியாதவரும் பிராகாரத்தில் ஒதுங்கி நின்று அந்தப் பல்லக்கைப் பார்க்கலாம். பள்ளியறைக் கதவைச் சாத்தி, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு அர்ச்சகர்கள் கிளம்பும்போது, “எத்தனை மணிக்குக் கூடுவீர்கள்?” என்ற தன் கேள்விக்கு என்ன பதில் என்று அவரே உங்களிடம் சொல்லக்கூடும்.